அதே உயரமுள்ள ஆள்

ஏப்ரல் 22, 2014, செவ்வாய்

கொதிகலன் அறுபது பாகை. பெண்கள் கழிவறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

காலை பத்து மணிக்குச் சினிமாக்காரர் ஆறு பேர் வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். இது யோர்க்ஷயரில் ஒரு பழைய மில் ஊர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, ஊர் திரும்ப முடியாமல் இங்கிலாந்தில் தங்கிவிட்ட போலந்துப் படைவீரர்கள் தங்களுக்கென்று கட்டிய கழகம் இந்த மண்டபம். கட்டியவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் கௌரவ செயலாளர் திரு. பானெக் ஒருவர்தான். வயது எண்பத்தொன்பது. அவர் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடமாக மண்டபத்தின் பின்னறையில் இருக்கிறேன்.

படம் அந்தக் காலத்துப் போலந்து அகதிகளைப் பற்றியது. சிரிப்புப் படமாம். சாவு வீட்டுச் சிரிப்பு என்று இயக்குநர் ஆக்னெஸ்கா விளக்கினார். அவரும் போலந்துக்காரி, நாற்பது வயதிருக்கும். எங்கள் வாழ்க்கையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று திரு. பானெக் கேட்டார். எல்லாமே என்றார் அவர். திரு. பானெக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் இலங்கையில், கிளிநொச்சிக்குப் பக்கத்து உருத்திரபுரத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூட உதவியாளனாக இருந்தவன். பதினாறு வருடம் தினமும் குறிப்பேடு எழுதினேன். அமிலம் எவ்வளவு மிச்சம், எத்தனை சோதனைக்குழாய் உடைந்தது என்று. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். உடைந்ததை எழுதினால் போதும். யார் உடைத்தது என்று எழுதுவது வழக்கமில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மண்டபத்துக் கூரையில் ஐம்பது வருடச் சிகரெட் புகை படிந்திருந்தது. நான் வேலைக்கு வந்த முதல் வருடம் முழுக்க ஏணியில் நின்று அதைக் கழுவினேன். இன்று நான்கு பேர் வந்து அதே கறையை மூன்று மணி நேரத்தில் திரும்பப் பூசிவிட்டார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். எங்கே கூடுதலாக இருந்தது என்று என்னிடம் கேட்டார்கள். காட்டினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

படப்பிடிப்புத் தொடங்கியது. கதையை உதவி இயக்குநர் கிரெய்க் சொன்னான்.

1948ஆம் ஆண்டு. தகரக் கொட்டில் முகாம். அங்கே காஷிக் என்றொரு வீரன். அவனுடைய கூட்டாளிக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. காஷிக் யுத்தத்தில் செத்துவிட்டானாம். ஊரில் பதிந்தாயிற்று, நினைவுக்கல்லில் பெயரும் வெட்டியாயிற்று. காஷிக் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தபடி இதைக் கேட்கிறான். முகாமில் ஒருவருக்கும் செய்ய வேலையில்லை. செத்தவனுக்கு மரியாதை செய்யாமல் விடலாமா என்று ஒருவன் கேட்கிறான். தச்சுவேலை தெரிந்தவன் பெட்டி செய்கிறான். பெட்டி தூக்க ஓர் ஆள் குறைவதால் ஒரு பக்கத்தைக் காஷிக்கே தூக்குகிறான். அடுத்த நாள் முகாம் அலுவலர் அவனுடைய பங்கீட்டு அட்டையை வாங்கிவிடுகிறார். செத்தவனுக்குச் சீனி கிடையாது.

இந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இருமல் வந்தது. வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

சவப்பெட்டியை வைக்க உலர்ந்த இடம் கேட்டார்கள். கொதிகலன் அறையைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 30, புதன்

வாஷர் மாற்றினேன். சொட்டுவது நின்றது.

மே 1, வியாழன்

படப்பிடிப்பு இடத்தில் நடமாடும் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று கிரெய்க் தந்தான். பெயர், கந்தையா தில்லைநாதன். வயது, நாற்பத்தாறு. விபத்து ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று ஒரு கட்டம். திரு. பானெக்கின் பெயரை எழுதினேன். அவருக்கு எண்பத்தொன்பது வயது, விபத்து நடந்தால் அவருக்குத்தான் முதலில் நடக்கும் என்றான் கிரெய்க். அதை வெட்டிவிட்டுப் பரா அண்ணையின் பெயரை எழுதினேன்.

பரா அண்ணை எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பரந்தன் ஆள். இரண்டு தெரு தள்ளிப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர். கடையில் மிஞ்சும் மரக்கறியை வாரத்தில் இரண்டு தரம் கொண்டுவந்து தருவார். தரும்போது ஊர்ப் புதினமும் சொல்வார். அவருடைய மனைவியின் தங்கை உருத்திரபுரத்தில் இருக்கிறா. அங்கே மழை பெய்தது, குளம் நிரம்பியது, பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டுகிறார்கள் என்று நான் கேட்காமலே சொல்வார். நான் வெண்டைக்காயைக் கழுவிக்கொண்டு நிற்பேன்.

திருமணமானவரா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

இதில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. 2010இல் அகதி விண்ணப்ப விசாரணையில், மனைவியும் பிள்ளையும் எங்கே என்று அலுவலர் கேட்டார். கூட்டத்தில் தவறிவிட்டார்கள் என்றேன். மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பக்கத்து ஆள், அவருக்குத் தவறுவது என்றால் சாவது. இறந்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அலுவலர் பேனாவை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பரா அண்ணையிடமும் அதே சொல்லைத்தான் சொன்னேன். அவரும் தண்ணீர் கொடுத்தார்.

மே 3, சனி

சனி ஞாயிறுகளில் படப்பிடிப்பு இல்லை. மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். சமையல்காரர் காஸ் சிலிண்டர் தேடிக் கொதிகலன் அறையைத் திறந்துவிட்டார். உள்ளே சவப்பெட்டி. சினிமாவுக்கு என்று விளங்கப்படுத்தினேன். யார் நடிக்கிறார்கள் என்று கேட்டார். போலந்துக்காரர் என்றேன். அவருக்கு ஆறுதலாக இருந்தது. முந்நூறு பேர் சாப்பிட்டார்கள்.

மே 6, செவ்வாய்

இன்று நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

பெட்டி அளவாக இருக்கிறதா என்று காஷிக்கை அதற்குள் படுக்கவைத்துப் பார்க்கும் காட்சி. படுத்தவன் அப்படியே தூங்கிவிடுகிறான். ஊரிலிருந்து மனைவி வந்து பெட்டி அருகே நின்று கூப்பிடுவதுபோலக் கனவு காண்கிறான். கதாநாயகன் வருவதற்கு முன்பு வெளிச்சம் சரிபார்க்க அவனைப்போல ஓர் ஆள் படுத்திருப்பது வழக்கமாம். அந்த ஆளுக்கு வயிற்றோட்டம். கிரெய்க் அளவு நாடாவுடன் எல்லோரையும் அளந்துகொண்டு வந்தான். ஐந்தடி எட்டங்குலம். அதே உயரமுள்ள ஆள் நான் ஒருவன்தான்.

கதவருகில் நின்று யாராவது அமைதி கெடுத்தால் கையைக் காட்டுவதுதான் என் வேலை, படுப்பது வேலையில் இல்லை என்றேன். படுத்தால் போதும், நடிக்கத் தேவையில்லை என்றார் ஆக்னெஸ்கா. படுத்தேன்.

பைன் பலகை. அடியில் வைக்கோல் மெத்தை. ஒளிப்பதிவாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த நிறத்துக்கு வெளிச்சம் பிடித்தால் காஷிக் வெள்ளைக் காகிதம் மாதிரித் தெரிவான் என்றார். ஒப்பனைப் பெண் வந்து எனக்கு மாப்போல எதையோ பூசினாள். அப்போது தேநீரோடு வந்த திரு. பானெக் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான்தான் என்றேன். தெரியும், அதனால்தான் என்றார்.

மூன்று மணி நேரம் படுத்திருந்தேன். உள்ளே சத்தம் குறைவு. நன்றாகத் தூங்கினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படித் தூங்கியதாக நினைவில்லை.

பிறகு நடிகை ஒத்திகைக்கு வந்தாள். காஷிக், காஷிக், காஷிக் என்று மூன்று தரம் கூப்பிட்டாள். உரத்த குரல் இல்லை. முன்னால் போகிறவனை நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிற குரல்.

விழித்துவிட்டேன். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. ஒத்திகை முடிந்தது, எழும்பலாம் என்று கிரெய்க் தோளில் தட்டினான். எழும்பவில்லை. தூங்குகிறான், விடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பத்து நிமிடம் விட்டார்கள்.

பவுடர் கழுவ மூன்று தரம் சோப்புப் போட வேண்டியிருந்தது.

மே 7, புதன்

கொதிகலன் அறுபத்திரண்டு பாகை. வேறொன்றுமில்லை.

மே 8, வியாழன்

நேற்று வேறொன்றுமில்லை என்று எழுதியது சரியில்லை.

2012 மாசி மாதம் பரா அண்ணையின் கடையில் பாவற்காய் சுற்றித் தந்த தமிழ்ப் பத்திரிகைத் தாளில் ஒரு படம் இருந்தது. கணவனை இழந்த பெண்களுக்கு உருத்திரபுரத்தில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளின் சாவி கையளிக்கிறார்கள். ஐந்து பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது சுகிர்தமலர். என் மனைவி. பக்கத்தில் பாவாடை சட்டையுடன் பிறைநிலா, என் மகள். கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஆறு வயது. படத்தில் தாயின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள்.

அன்று பாவற்காயைக் குழம்பு வைத்தேன். தாளைக் காயவைத்து மடித்து வைத்தேன். இரண்டு வருடமாகிறது.

எனக்கும் விளங்கியது. நான் செத்ததால் அவர்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் சாவியைத் திருப்பிக் கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை.

இப்படித்தான் இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன்.

மே 9, வெள்ளி

மதியம் ஆக்னெஸ்காவும் திரு. பானெக்கும் அலுவலக அறையில் வாக்குவாதம். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் காட்டுவது ஒன்றும் நடக்கவில்லை என்றார் திரு. பானெக். காஷிக்கின் உண்மையான பெயர் தாடெக். அவனுக்கு ஒருவரும் பெட்டி செய்யவில்லை. தான் செத்த செய்தியைக் கேட்டதும் ஒரு மாதம் படுக்கையிலிருந்து எழும்பவில்லை. அவ்வளவுதான். பிறகு எழும்பி, இந்தக் கழகத்தில் நிலம் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தான். சாகும்வரை இங்கேதான் இருந்தான். எந்த அறையில் என்று நான் கேட்கவில்லை. இங்கே ஆள் தங்குகிற அறை ஒன்றுதான் இருக்கிறது.

மனைவிக்கு எழுதவே இல்லையா என்று ஆக்னெஸ்கா கேட்டார். திரு. பானெக் இரும்பு அலமாரியைத் திறந்து 1957ஆம் ஆண்டுக் கோப்பை எடுத்தார். தட்டச்சுப் பிரதி ஒன்று. தானே வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த வருடம் தாடெக்கின் மனைவி கழகத்துக்கு எழுதியிருக்கிறாள். என் கணவன் யுத்தத்தில் இல்லை, இங்கிலாந்தில்தான் செத்ததாக இப்போது கேள்விப்படுகிறேன், கல்லறை எங்கே என்று அறியத் தருவீர்களா என்று. செயலாளர் பதில் போட வேண்டும். திரு. பானெக் தாடெக்கைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். அவன் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாசித்தான். எழுது, துயரத்துடன் உறுதிப்படுத்துகிறோம் என்று எழுது என்றான். கல்லறைக்கு என்ன எழுதுவது என்று இவர் கேட்டார். கடலில் போட்டோம் என்று எழுது, தேடி வரமாட்டாள். கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னான். வேதனைப்படாமல் செத்தார் என்று.

அவள் நன்றி எழுதியிருந்தாள். உறைக்குள் ஒரு காய்ந்த பூ. கடலில் போட்டுவிடுங்கள் என்று. தாடெக் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்காலிகளை அடுக்கப் போனான்.

இதைப் படத்தில் வைக்கக் கொடுங்கள் என்று ஆக்னெஸ்கா கெஞ்சினார். இது படத்துக்கு இல்லை என்றார் திரு. பானெக். பிறகு எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

“கோப்புக்கு” என்றார். அலமாரியைப் பூட்டினார். 

மே 11, ஞாயிறு

கொதிகலனைப் பார்க்கவில்லை.

2009 வைகாசி. கடலேரிக் கரை. முன்னால் தண்ணீர், மறுகரையில் இராணுவம். சனம் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது. உடுப்பும் அடையாள அட்டைகளும் இருந்த பையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் போனேன். மலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால். பத்து யார் தூரம் இருக்கும். பின்னால் ஒரு ஷெல் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள். இஞ்சருங்கோ என்றில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. மூன்று தரம்.

கூட்டத்தில் தவறிவிட்டோம் என்று எழுதலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், பலருக்கு அது உண்மை. எனக்குக் கேட்டது. திரும்பினால் நின்றுவிடுவேன், நின்றால் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நடந்தேன். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது, ஓட முடியாது. அதனால் ஓடினேன் என்று சொல்ல முடியாது. நடந்தேன்.

மறுகரையில் என்னை வேறொரு முகாமுக்கு ஏற்றினார்கள். அங்கே வாரா வாரம் மற்ற முகாம்களின் பெயர்ப்பட்டியல் ஒட்டுவார்கள். சனம் விழுந்தடித்துக்கொண்டு போய் வாசிக்கும். நான் போகவில்லை. பட்டியலில் அவர்கள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயந்ததாக ஒரு காலம் நினைத்தேன். இருந்தால் என்ன சொல்வது என்றுதான் பயந்தேன்.

மே 15, வியாழன்

படப்பிடிப்பு முடிந்தது. இரண்டு முடிவு எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் காஷிக் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். மற்றதில் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு சூப் கேட்டு வரிசையில் நிற்கிறான். எது படத்தில் வரும் என்று கேட்டேன். சிரிப்பு எதில் கூடுதலாக வருகிறதோ அதுதான் என்றார் ஆக்னெஸ்கா. போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார். சவப்பெட்டி வேண்டுமா என்று கேட்டான் கிரெய்க், ஏற்றிப்போக வண்டியில் இடமில்லையாம். வேண்டாம் என்றேன். உடைத்துக் குப்பைப் பெட்டியில் போட்டோம்.

நாளைக்குக் கூரை கழுவ வேண்டும்.

மே 18, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவுநாள். மண்டபத்தில் கூட்டம். பரா அண்ணையின் ஆட்கள் காலையிலேயே பதாகைகள் கொண்டுவந்தார்கள். இந்த வருடம் புதிதாக, ஊர் ஊராகச் செத்தவர்களின் பெயர்களை அச்சடித்திருந்தார்கள். ஏணியில் ஏறிக் கட்டுகிற வேலை என்னுடையது. நாலாவது பதாகை கிளிநொச்சி மாவட்டம். உருத்திரபுரத்தில் பதினோராவது பெயர்: கந்தையா தில்லைநாதன், 41, ஆய்வுகூட உதவியாளர்.

எழுத்துப்பிழை இல்லை. கட்டினேன். நேராக இருக்கிறதா என்று இறங்கிவந்து பார்த்தேன். இடது பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. திரும்ப ஏறிச் சரிசெய்தேன்.

விளக்கேற்றினார்கள். அழுதார்கள். எல்லோரும் வரிசையாகப் பூ வைத்தார்கள். வரிசையில் நின்ற ஒரு அம்மா என்னிடமும் ஒரு செவ்வந்தியைத் தந்தா. வைத்தேன்.

“உங்கட ஆக்கள் ஆரும் இதில இருக்கினமோ தம்பி?” என்று கேட்டா.

பதினோராவது பெயரைக் காட்டினேன்.

“என்ன முறை?”

“கிட்டின சொந்தம்” என்றேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. தன்னுடைய இரண்டு பிள்ளைகளின் பெயர்களைக் காட்டினா. ஐந்தாவதும் ஆறாவதும். அந்தக் கை சுட்டது. நான் கையை எடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு பரா அண்ணை மட்டும் நின்றார். பதாகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இதை நான் கழட்டட்டோ, நீ கழட்டுறியோ?”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். 

“ரெண்டு வருசமா உனக்கு ஊர்ப் புதினம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகுது, தில்லை. எங்கட மச்சாளின்ர வீட்டுக்குப் பக்கத்து வளவுதான் உன்ர மனுசியின்ர வீடு. நீ இஞ்ச இருக்கிறது மலருக்குத் தெரியும். நான் உனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினது. அவர் தானா போன் எடுக்கட்டும் எண்டு சொன்னது.”

கடை ரசீதின் பின்பக்கத்தில் மலரின் போன் இலக்கத்தை எழுதிப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். பதாகையை நான்தான் கழற்றினேன்.

மே 19, திங்கள்

ஏழு முப்பதுக்குப் போன் எடுத்தேன். அங்கே பன்னிரண்டு மணி. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம்.

ஆறாவது தரம் மணி அடித்தபோது மலர் எடுத்தா. ஹலோ என்ற சத்தத்துக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் என்றேன். ஆர் நான் என்று கேட்டா. தில்லை என்றேன். இருங்கோ என்று சொல்லிவிட்டுப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தா.

பிறகு நான் கதைத்தேன். வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்றுதான் எடுக்கவில்லை என்றேன். அவ கேட்டுக்கொண்டிருந்தா. படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன் என்றேன்.  எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் முடிந்துபோனது.

“ஒண்டு கேக்கட்டோ?” என்றா. “அண்டைக்குத் தண்ணிக்குள்ள நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதோ?”

இல்லை என்று சொல்லலாம். ஷெல் சத்தம் என்று சொல்லலாம். அவவும் நம்பியிருப்பா, அல்லது நம்பியதாகக் காட்டியிருப்பா.

“கேட்டது.”

“எத்தினை தரம்?”

“மூண்டு.”

“நாலு” என்றா. “நாலு தரம் கூப்பிட்டனான்.”

நான் அழுததை இதில் எழுதத் தேவையில்லை. அவ அழவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றா, அவ்வளவுதான். பிறகு, கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லையே என்றா. யாருடைய கால் என்றேன். தன்னுடையது என்றா. அந்த ஷெல்லில் இடது பாதத்தில் இரண்டு விரல் போனதாம். அதற்குத்தான் கூப்பிட்டதாம். பிள்ளையை ஒருக்கால் பிடியுங்கோ என்று சொல்ல.

கடைசியாக ஒரு சிக்கல் சொன்னா. நான் செத்த தேதி ஒருவருக்கும் தெரியாததால் வைகாசி அமாவாசையில் எனக்குத் திவசம் செய்வது வழக்கமாம். இந்த முறை 28ஆம் தேதி. ஐயருக்கும் சொல்லியாயிற்று, அயலுக்கும் சொல்லியாயிற்று. கிராம அலுவலரான விதானையார் முன்வீட்டில் இருக்கிறார். திடீரென்று நிற்பாட்டினால் ஏன் என்று கேட்பார்கள், வீட்டுக் கோப்பைத் தோண்டுவார்கள்.

“நீங்கள் ஒண்டும் நினைக்காட்டி, இந்த வருசமும் செய்வம்” என்றா.

செய்யுங்கோ என்றேன்.

மே 22, வியாழன்

கூரை பாதி முடிந்தது.  கொதிகலன் அறுபது.

மே 25, ஞாயிறு

நேற்றுப் பிறைநிலாவிடம் சொல்லிவிட்டதாக மலர் சொன்னா. அவள், அப்படியானால் இவ்வளவு நாளும் அந்தப் படையலைச் சாப்பிட்டது யார் என்று கேட்டாளாம். காகம் என்று மலர் சொன்னாவாம்.

என்னோடு கதைக்க விருப்பமா என்று கேட்டதற்கு, இப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நான் அது சரி என்றேன். போனை வைத்தபிறகு அலுவலக அறையில் போய் இருந்தேன். திரு. பானெக் ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்ல நேரம் எடுத்தது.  அவர் எழும்பிப் போய் ஒரு கோப்பை தேநீர் போட்டுத் தந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. மிக மோசமான தேநீர்.

மே 28, புதன்

இன்று என் திவசம்.

ஏழு மணிக்கு எடுக்கச் சொல்லியிருந்தா. அங்கே பதினொன்றரை. போனை அடுக்களை ஜன்னலில் சாத்தி வைத்துவிட்டுக் கதைத்தா. சட்டி பானைச் சத்தம். தாளிதம் வெடிக்கிற சத்தம். பூசணிக்காயும் வாழைக்காயும் அடுப்பில் இருப்பதாகச் சொன்னா. விதானையாரும் மனைவியும் சாப்பிட வருகிறார்களாம். அவர் என்னைப் பற்றி எப்போதும் நல்ல மாதிரிக் கதைப்பாராம். நான் உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது.

“உங்களுக்கு விருப்பமெண்டு ஒவ்வொரு வருசமும் பிலாக்காய்க் கறி வைக்கிறனான்” என்றா. “இந்த முறை காய் கொஞ்சம் முத்திப்போச்சு. பரவாயில்லையோ?”

வழக்கமாக இந்த இடத்தில் நான் பரவாயில்லை என்று சொல்கிறவன்.

“எனக்குப் பிலாக்காய் பிடிக்காது” என்றேன்.

கரண்டிச் சத்தம் நின்றது.

“பிடிக்காதோ?”

“ஒருநாளும் பிடிக்கேல்லை. கல்யாணம் முடிச்ச கிழமை உங்கட வீட்டில வைச்சுத் தந்தவை. நல்லா இருக்கெண்டு சொல்லிப்போட்டன். பிறகு மாத்தேலாமப் போச்சு.”

 கறி அடிப்பிடிக்கிறதோ என்று நினைத்தேன். பிறகு ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பா வேறொன்றா என்று சொல்லத் தெரியவில்லை. நான் செத்த இந்த ஐந்து வருடமும் அவ அதைக் கிளறிக் கிளறி வைத்தது பற்றி ஏதோ முணுமுணுத்தா.

“அப்ப என்னதான் பிடிக்கும்?”

யோசிக்க வேண்டியிருந்தது. யாரும் கேட்டு நாளாகிவிட்டது.

“பயித்தங்காய்” என்றேன்.

அவ போனை விட்டு விலகி வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டா. குரல் தூரமாகக் கேட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“நிலா, வேலியில நிக்கிற பயித்தங்காயில ரெண்டு பிடி ஆய்ஞ்சுகொண்டு கெதியா வா. அப்பாவுக்கு.”

யாரோ மணலில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஐயர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.